பிங்க் இதயமும் முந்திரியும்: பழைய மடிக்கணினியில் லினக்ஸ், ஒரு நீண்டநாள் அனுபவம்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் நின்றதிலிருந்து தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “பழைய லேப்டாப் சும்மா கிடக்கு, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுடலாமா?” கடைசியாகக் கேட்டவர் பழைய அலுவலக நண்பர். அவருக்கு எழுதிய பதில் நீண்டுகொண்டே போனது, அதனால் எல்லோருக்குமாக இங்கே.

வேகம், வைரஸ் தொல்லை, பேட்டரி பற்றியெல்லாம் நிறைய பேர் எழுதிவிட்டார்கள். எனக்குச் சொல்ல இருப்பது பிங்க் இதயம் என்ற இமோஜியைப் பற்றி.

என்னிடம் ஓடுவது டெபியன் குடும்பத்து லினக்ஸ், 2022 தொடக்கத்துப் பதிப்பு. பிங்க் இதயம் யூனிகோடுக்குள், அதாவது எல்லா எழுத்துக்கும் இமோஜிக்கும் எண் கொடுக்கும் உலகப் பட்டியலுக்குள், வந்ததோ அந்த வருடம் செப்டம்பரில், 15-ஆம் பதிப்பில். என் அண்ணன் மகளுக்கு அந்த இதயம் இல்லாமல் ஒரு வரி முடியாது. வாட்ஸாப் வெப்பைத் திறந்து பார்த்தால் இதயம் ஜம்மென்று தெரியும். அதே செய்தி திரையின் மூலையில் அறிவிப்பாக எட்டிப் பார்க்கும்போது மட்டும் ஒரு பெட்டி, அதற்குள் பொடி எழுத்தில் மேலே 01எஃப், கீழே ஏ77. “சித்தப்பா, சாப்டீங்களா?” என்று கேட்டுவிட்டு வண்டி நம்பர் போட்டது மாதிரி இருக்கும்.

காரணம் பெரிய ரகசியமில்லை. வாட்ஸாப் வெப் தன் இமோஜிகளைப் படங்களாகவே கையோடு கொண்டு வருகிறது. ஃபயர்ஃபாக்ஸும் தனக்கென்று ஓர் இமோஜி எழுத்துருவை வைத்திருக்கிறது. அறிவிப்பு, மின்னஞ்சல் நிரல், கோப்புப் பெயர்கள் இவையெல்லாம் கணினியில் நிறுவிய எழுத்துருவைத்தான் நம்பியிருக்கின்றன. அங்கே இருப்பது கூகுளின் இமோஜி எழுத்துருவான நோட்டோ கலர் இமோஜியின் பழைய பதிப்பு என்றால் புது இமோஜிக்கு வழியே இல்லை. பெட்டிக்குள் இருப்பது அந்த எழுத்தின் யூனிகோடு எண். அதைத் தேடிப் பார்த்தாலே என்ன காணவில்லை என்று தெரிந்துவிடும். ஒரு வகையில் நல்ல பழக்கம்தான். வெறும் பெட்டியைக் காட்டிவிட்டு வாயே திறக்காத கணினிகளும் உண்டு.

தீர்வு கேட்க எளிது. புதிய எழுத்துருக் கோப்பை இறக்கி, வீட்டுக் கோப்புறையில் எழுத்துருக்களுக்கான இடத்தில் போட்டு, எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் எஃப்சி-கேஷ் கட்டளையை ஒருமுறை ஓட்டி, வெளியேறி உள்ளே வர வேண்டும். ஆனால் ஒரே பெயரில் இரண்டு வகைக் கோப்புகள் உலவுகின்றன. ஒன்றில் இமோஜிகள் சின்னச் சின்னப் படங்களாக இருக்கும். இன்னொன்றில் வரைகோடுகளாக, கோலர் வி1 என்ற புது வடிவத்தில். எழுத்தையும் படத்தையும் திரையில் வரைந்து தரும் கெய்ரோ என்ற நிரல் நூலகத்தின் பழைய பதிப்பு உள்ள கணினியில் இரண்டாவதைப் போட்டால் பெட்டிகூட வராது, வெற்றிடம்தான். படவகைக் கோப்பைத் தேடி எடுங்கள்.

இதைவிட எரிச்சலான விஷயம் ஒன்று உண்டு. எழுத்துரு அமைப்புக் கோப்பில் இமோஜி எழுத்துருவை முதலிடத்தில் வை என்று இணையத்தில் பாதிப் பேர் சொல்வார்கள். அந்த எழுத்துருவுக்குள் 0 முதல் 9 வரை எண்களும் இருக்கின்றன, கட்டத்துக்குள் எண் காட்டும் இமோஜிகளுக்காக. முதலிடம் கொடுத்ததும் திரையில் உள்ள எண்களையெல்லாம் அது எடுத்துக்கொள்ளும். வங்கிக் கணக்கில் 15,000 என்பது 1  5 , 0  0  0 என்று கால் நீட்டி உட்கார்ந்திருக்கும். இமோஜி எப்போதும் வரிசையில் கடைசியில்தான் நிற்க வேண்டும்.

இப்படியெல்லாம் செய்து இதயம் வந்தது. அப்புறம் 2024 செப்டம்பரில் யூனிகோடு 16 வந்தது, கண்ணுக்குக் கீழே பை தொங்கும் முகத்தோடு. மறுபடி பெட்டி, இந்த முறை ஏஇ9.

நியாயமாகவும் பேச வேண்டும். விண்டோஸின் எழுத்துருவில் நாட்டுக் கொடிகளே கிடையாது. குரோமில் இந்தியக் கொடி ஐ, என் என்று இரண்டு ஆங்கில எழுத்தாகத்தான் நிற்கும். என் லினக்ஸில் மூவர்ணம் பளிச்சென்று தெரிகிறது. தமிழ் விஷயத்திலோ குறையே சொல்ல முடியாது. எஃப்சி-லிஸ்ட் கட்டளைக்கு மொழி தமிழ் என்று கொடுத்தால் கணினியில் உள்ள தமிழ் எழுத்துருக்கள் அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும். “கொ”, “கௌ” எங்கேயும் உடைந்து நான் பார்த்ததில்லை. எங்காவது புள்ளி வட்டம் தெரிந்தால் அது தட்டச்சு செய்தவர் கொம்பை எழுத்துக்கு முன்னாலேயே அடித்ததன் விளைவு, எழுத்துருவின் மேல் பழி போடக் கூடாது.

பழைய நிலப் பத்திரங்களைத் தட்டச்சு செய்து தருவது என் பக்க வேலை. முந்திரி, காணி, மாகாணி போன்ற பின்னக் குறிகள், குழி, வேலி, நஞ்சை, புஞ்சைக் குறிகள் என 51 எழுத்துகள் 2019-இல் யூனிகோடு 12-இல் சேர்ந்தன. இவற்றுக்கென்றே நோட்டோவில் தமிழ்த் துணை எழுத்துரு தனியாக இருக்கிறது, நிறுவியபோதே அது கூடவே வந்துவிட்டது. முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. இன்றைக்கு அந்தக் குறியைப் பயன்படுத்துகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அது முதல் நாளிலிருந்தே அச்சுப்போல் தெரிகிறது, உலகமே அனுப்பும் இதயம் தெரியவில்லை. இதில் யாரைத் திட்டுவது?

நண்பருக்குப் போட வேண்டாம் என்றே எழுதிவிட்டேன். அவர் வீட்டில் மகள், மருமகள், பேத்தி எல்லோரும் இமோஜியிலேயே பேசுகிறவர்கள். மாதத்துக்கு ஒரு தடவை எனக்குத்தான் போன் வரும். பத்திரம் தட்டச்சு செய்கிறவர் யாராவது கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு போடச் சொல்வேன். நான் சொல்வதைக் கேட்காமல் போடப் போகிறவர்கள் இருக்கிற பதிப்புகளில் ஆகப் புதியதை எடுங்கள். போட்டதும் முதல் வேலையாக அறிவிப்பில் ஒரு பிங்க் இதயம் தெரிகிறதா என்று பாருங்கள்.