கட்டியைக் கரைப்பதா, இழுத்தெடுப்பதா?

ரத்தக்கட்டி அடைத்து வரும் பக்கவாதத்தில், மருந்தால் கட்டியைக் கரைப்பதா அல்லது குழாய் செலுத்தி அதை எடுப்பதா என்று நோயாளியின் குடும்பத்தார் குழம்புவதுண்டு.

நேரம்: கரைப்பு மருந்தை வழக்கமாக அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். கட்டியெடுப்பை 6 மணி நேரத்துக்குள்ளும், காப்பாற்றக்கூடிய திசு ஸ்கேனில் தெரிபவர்களுக்கு 24 மணி நேரம் வரையிலும் செய்யலாம்.

எளிமை: கரைப்பு மருந்துகளில் ஆல்டிப்ளேஸ் ஒரு மணி நேரம் ஏற வேண்டும், டெனெக்டிப்ளேஸ் ஒரே ஊசியில் முடிந்துவிடும். கட்டியெடுப்புக்குக் கேத்லேப்பும் (குழாய் செலுத்திச் சிகிச்சை செய்யும் கூடம்) தேர்ந்த குழுவும் தேவை, செலவும் கூடுதல்.

பெரிய ரத்தக்குழாய்: அடைப்பு இங்கே இருந்தால் கட்டியெடுப்பே வலிமையானது என்பதை 2015இல் வெளியான ஐந்து ஆய்வுகள் நிறுவின.

நுண்குழாய்கள்: பலரும் கவனிக்காத இடம் இதுதான். பெரிய குழாய் திறந்த பின்னரும், தந்துகிகளைச் சுற்றியுள்ள பெரிசைட் செல்கள் சுருங்கியிருப்பதாலும், வெள்ளணுக்களும் சிறு உறைவுகளும் உள்ளே சிக்குவதாலும், திசுவுக்கு ரத்தம் போய்ச் சேராமல் போகலாம். படத்தில் வெற்றி தெரிந்தும் கை அசையாததற்கு இது ஒரு காரணம். கட்டியை எடுக்கும் கருவி அவ்வளவு நுண்ணிய இடத்துக்குள் நுழையாது, மருந்து நுழையும். கட்டியை எடுத்தபின் தமனிக்குள்ளேயே ஆல்டிப்ளேஸ் செலுத்திய ஸ்பெயின் நாட்டின் ‘சாய்ஸ்’ ஆய்வில் (2022), மிக நன்றாகத் தேறியவர்கள் 59 சதவீதம். மருந்து பெறாதவர்களில் 40.4 சதவீதம். ஆய்வு சிறியது, பின்னர் வந்தவற்றின் முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை என்பதால், இதை இன்னும் பொதுவிதியாகக் கொள்ள முடியாது.

சிறு கிளையில் அடைப்பு இருந்து, நேரமும் இருந்தால் மருந்து பொருந்தும். பெரிய குழாய் அடைபட்டவருக்குக் கட்டியெடுப்பு தேவை. ஆனால் தகுதி இருந்தால் ஊசியையும் காத்திராமல் போட்டுவிட்டே அழைத்துச் செல்வார்கள்.