ரோமுக்குச் செல்லும் சென்னைக் குடும்பங்களுக்கான ஆலோசனைச் சேவை: ஒரு மதிப்பீடு

ரோம் நகரத்துக்குச் செல்லவிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு, அங்கே நெடுங்காலமாக வசிக்கும் சென்னைக்காரர் ஒருவரைக் கொண்டு பயண யோசனை வழங்கும் சேவை ஒன்றை மேற்கு மாம்பலத்தில் உள்ள ஒரு சிறிய அலுவலகம் நடத்திவருகிறது. விமானச் சீட்டு, விசா, விடுதி ஆகியவற்றில் இவர்கள் தலையிடுவதில்லை. கட்டணம் செலுத்தியதும் ரோமில் இருப்பவருடன் காணொளி வழியாக ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேசலாம். பிறகு நம் வீட்டாரின் வயது, உணவுப் பழக்கம், நடக்கும் திறன் ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு நாள்வாரித் திட்டம் ஒன்றை அவர் எழுதி அனுப்புவார். நாம் அங்கே சென்று சேர்ந்தபின் ஒரு மாலைப் பொழுது நம்முடன் நடந்தும் வருவார். குடும்பத்துக்கு 6,500 ரூபாய். எழுபது வயதைக் கடந்த மாமியாரையும் கல்லூரியில் படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு கோடை விடுமுறையில் சென்ற நாங்கள் இச்சேவையைப் பயன்படுத்தினோம்.

எந்த இடங்களைப் பார்க்கலாம் என்பதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எந்த இடத்துக்கு எந்த நேரத்தில் போகக்கூடாது என்பதை அங்கே குடியிருப்பவர்தான் சொல்ல முடியும். இச்சேவையின் மதிப்பு பெரும்பாலும் இதில்தான் அடங்கியிருக்கிறது. வத்திக்கான் அருங்காட்சியகங்கள் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை இலவசம் என்று அறிந்து நாங்கள் அந்த நாளைக் குறித்து வைத்திருந்தோம். காலை 9 மணிக்குத் திறந்து 12.30 மணிக்கே நுழைவை நிறுத்திவிடும் அந்த நாளில், முதியவர் ஒருவரை வரிசையில் நிறுத்தி வைப்பது சேமிக்கும் பணத்துக்கு ஈடாகாது என்று கூறி அவர் அதை நீக்கச் செய்தார். புதன்கிழமை காலையில் திருத்தந்தை பொதுமக்களைச் சந்திப்பது வழக்கம் என்பதால், தூய பேதுரு பேராலயத்துக்கு அன்று காலை போகவே வேண்டாம் என்பது இன்னொரு யோசனை. வேறொரு நாள் காலை ஏழு மணிக்கு, பேராலயம் திறக்கும் வேளையிலேயே சென்றோம். பாதுகாப்புச் சோதனையில் சிறிது நேரம் மட்டுமே நிற்க வேண்டியிருந்தது. தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும் என்ற விதி அங்கே கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. புடவையில் வந்த மாமியாருக்கு ஒரு சிக்கலும் இல்லை. அரைக்கால் சட்டையுடன் வந்த இளைஞர்கள் சிலர் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டதைக் கண்டோம்.

மற்ற தேவாலயங்களில் பல, மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலைப் போலவே நண்பகலில் நடை சாத்திப் பிற்பகலில்தான் மீண்டும் திறக்கின்றன. இதை முன்கூட்டியே சொன்னதால், கரவாஜியோ வரைந்த, புனித மத்தேயுவைப் பற்றிய மூன்று ஓவியங்கள் இருக்கும் சான் லூயிஜி தேய் பிரான்செசி தேவாலயத்துக்குக் காலையிலேயே சென்றுவிட்டோம். அதற்குக் கட்டணம் கிடையாது. அருகிலேயே உள்ள பாந்தியன் என்ற பண்டைய ரோமானியக் கோயிலுக்கு 2023 ஜூலை முதல் 5 யூரோ வசூலிக்கிறார்கள். ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் கட்டி முடிக்கப்பட்டு, கம்பி வலுவூட்டாத கான்கிரீட் கவிமாடங்களில் இன்றளவும் உலகில் பெரியதாக விளங்கும் அந்த 43 மீட்டர் விட்டத்தின் கீழ் நிற்பதற்கு அது கொடுக்கத் தகுந்த தொகையே.

கொலோசியம் நுழைவுச்சீட்டைப் பற்றி அவர் சொன்னது தமிழர்கள் அனைவரும் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. சீட்டில் பெயர் அச்சிடப்படுகிறது. நுழைவாயிலில் அதை அடையாள ஆவணத்தோடு ஒப்பிடுகிறார்கள். தலைப்பெழுத்தோடு பெயர் எழுதிப் பழகிய நமக்குக் கடவுச்சீட்டில் தந்தையின் பெயரோ கணவரின் பெயரோ முழுமையாக விரிந்திருக்கும். ஆகவே ஆதாரில் உள்ளபடியோ வழக்கமாகக் கையொப்பமிடும்படியோ எழுதாமல், கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளை அப்படியே நிரப்ப வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். இந்த ஒரு குறிப்புக்காகவே கட்டணத்தில் பாதியைக் கொடுக்கலாம் என்பது என் கணவரின் கருத்து; எனக்கு அது சற்று மிகையாகத் தோன்றினாலும் முற்றிலும் மறுக்க மனமில்லை.

உணவு குறித்த பகுதி, சைவ உணவுக்காரர்களுக்கு இத்திட்டத்தின் மிகச் சிறந்த பகுதி. ரோம் நகரத்தின் புகழ்பெற்ற பாஸ்தா வகைகளில் கார்பொனாராவிலும் அமத்ரிச்சியானாவிலும் பன்றியின் தாடை இறைச்சி சேர்கிறது என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டுமே சேர்வதாகத் தோன்றும் காச்சோ எ பேப்பேயில் இடப்படும் பெக்கொரீனோ ரொமானோ, ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறைய வைக்கப்படுவது என்பதை எந்த உணவகப் பட்டியலும் சொல்வதில்லை. அதை ஏற்பதும் விடுவதும் அவரவர் விருப்பம் என்று கூறிவிட்டு, ஏற்காதவர்களுக்குப் பூண்டும் எண்ணெயும் வற்றல் மிளகாயும் சேர்ந்த அல்யோ எ ஓலியோ பாஸ்தா, தக்காளி மட்டும் தடவிய பீட்சா ரோஸ்ஸா, யூதர் குடியிருப்புப் பகுதியில் முழுதாகப் பொரித்துத் தரும் கூனைப்பூ (ஆர்டிசோக்) ஆகியவற்றை அவர் குறித்துக் கொடுத்திருந்தார். சுப்லி என்ற அரிசி உருண்டையின் மரபான வடிவத்தில் இறைச்சி உண்டு, பச்சையாகத் தோன்றும் புந்தாரெல்லே கீரைக் கலவையில் நெத்திலி உண்டு என்ற எச்சரிக்கைகளும் அதில் இருந்தன. மாமியார் மூன்றாம் நாளே சோறு கேட்டுவிட்டார். தெர்மினி ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள எஸ்குயிலீனோ சந்தையில் அரிசி, பருப்பு, பச்சை மிளகாய் எல்லாம் கிடைத்ததால், சமையலறை உள்ள விடுதியாகப் பார்த்து எடுக்கச் சொன்ன ஆலோசகருடைய யோசனையின் அருமை அன்று இரவு ரசத்தோடு விளங்கியது.

குடிநீரைக் கேன் கணக்கில் வாங்கிப் பழகிய சென்னைவாசிகள் தெருவோரக் குழாய் நீரைக் குடிக்கத் தயங்குவது இயல்பே. நாசோனி என்ற வார்ப்பிரும்புக் குழாய்கள் ரோமில் ஏறத்தாழ 2,500 இருக்கின்றன. குடிக்கத் தகுந்த நீர் நாள் முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாக நீர் பீறிட்டு வரும், குனியாமல் குடிக்கலாம். பேருந்து, மெட்ரோவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: 1.50 யூரோ சீட்டு 100 நிமிடங்களுக்குச் செல்லும், 64-ஆம் எண் பேருந்தில் பையை முன்பக்கம் அணைத்துக்கொள்ள வேண்டும்.

இனி குறைகள். எழுதி அனுப்பும் திட்டம் தமிழில் இருக்கும் என்று மாம்பலம் அலுவலகம் சொல்லியிருந்தது, வந்தது ஆங்கிலத்தில். கேட்டபோது, தமிழாக்கத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு என்றார்கள், இது முறையாகாது. கருங்கல் பாவிய தெருக்களில் முழங்கால் வலியுள்ளவர்கள் நடக்கும் வேகத்தை அவர் சரியாகக் கணிக்கவில்லை. எல்லா இடங்களுக்கும் கால்பங்கு நேரம் கூடுதலாகத் தேவைப்பட்டது. திராஸ்தேவெரே பகுதியில் அவருடன் சென்ற மாலை நடை இனிமையாகவே இருந்தது. ஆயினும் அது தெரிந்தவர் ஒருவருடைய தோல்பொருள் கடையில் சென்று முடிந்தது. வாங்கும்படி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கட்டணம் வாங்கிக்கொண்ட பிறகு அந்தக் கடைக்கு அழைத்துச் சென்றதே போதுமான உறுத்தல்.

வரலாற்றை அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. இத்தாலியில் உரிமம் பெற்ற வழிகாட்டிகளே நினைவிடங்களில் விளக்கம் அளிக்கலாம் என்பதால் அவர் உள்ளே வருவதில்லை, அது நியாயமே. ஆனால் எழுத்தில் சொல்வதற்கு என்ன தடை? பண்டைய ரோமின் நகர மையமான ரோமன் போரத்தில் பேரரசர் மாக்சென்தியுஸ் எழுப்பத் தொடங்கிய பெருமண்டபத்தின் அடியில், அவருக்கு முந்தைய பேரரசர் தொமிஷியன் காலத்து மிளகுக் கிடங்குகள் இருந்தன. தென்னிந்தியக் கடற்கரையிலிருந்து கப்பலேறிய மிளகு அங்கே குவிக்கப்பட்டது. அதற்கு விலையாக வந்த ரோமானிய நாணயங்களை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். தமிழர் ஒருவர் தமிழர்களுக்கென்றே எழுதும் திட்டத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறை. மகள் முன்பே படித்து வைத்திருந்ததால் அந்த மண்டபத்தில் எஞ்சியிருக்கும் மூன்று பெரும் வளைவுகளுக்கு முன் நாங்கள் நின்றோம். இல்லாவிட்டால் இன்னொரு இடிபாடு என்று கடந்து போயிருப்போம்.

முதியவர்களோடும் சைவ உணவுக் கட்டுப்பாட்டோடும் செல்பவர்களுக்கு இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நண்பர்களோடு செல்லும் இளைஞர்களுக்கு இது வீண்செலவு. ஓரிரு மாலை உட்கார்ந்து தேடினால் இவற்றில் பெரும்பகுதி அவர்களுக்கே அகப்படும். பதிவு செய்ய நினைப்பவர்கள் பயணத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே அலுவலகத்தை அணுக வேண்டும். கொலோசியம் சீட்டுகள் 30 நாட்களுக்கு முன் விற்பனைக்கு வரும்போது திட்டம் கையில் இருந்தாக வேண்டும். கோடையில் ரோம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருப்பதாலும், அவர் வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகே பேசுவதாலும், காணொளி அழைப்பு நம் நேரப்படி இரவு பத்தரைக்கு மேல்தான் தொடங்கும். பெரியவர்களும் கேட்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைப் பகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால் தருகிறார்கள்.