சிம்ப்சன் பாலைவனப் பயணம்: அண்ணா நகர் நிறுவனம் ஒன்றின் ஏற்பாடு

ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்தை நான்கு சக்கர இயக்க வண்டியில் கடந்து, கூடாரங்களில் தங்கும் பயணத்தை அண்ணா நகரில் உள்ள ஒரு சிறு நிறுவனம் எங்களுக்கு ஏற்பாடு செய்து தந்தது. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பாலைவனம் மூடப்படுவதால் ஜூலையைத் தேர்ந்தெடுத்தது முதல், அனுமதிச் சீட்டு, செயற்கைக்கோள் தொலைபேசி, மணல்மேட்டின் மறுபக்கம் வருவோருக்குத் தெரிவதற்காக வண்டியில் உயரமாகக் கட்டும் கொடி வரை அனைத்தையும் அவர்களே பொறுப்பாகக் கவனித்தனர்.

நான் மிகவும் மதிப்பது அவர்கள் முன்கூட்டியே அளித்த பயிற்சியைத்தான். டயரின் காற்றழுத்தத்தை 18 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்தால் அது மணலில் அகலப் பதிந்து புதையாமல் செல்லும் என்பதையும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகளின் கிழக்குச் சரிவு செங்குத்தானது என்பதால் மேற்கிலிருந்து கிழக்கே செல்வதே எளிது என்பதையும் பொறுமையாக விளக்கினர். பேர்ட்ஸ்வில் என்ற சிற்றூர் அருகே சுமார் 40 மீட்டர் உயரமுள்ள ‘பிக் ரெட்’ மேட்டில் ஏறியபோது அப்பயிற்சியின் அருமை புரிந்தது.

உணவு நன்று. ஆனால் அவர்கள் கொடுத்த உறக்கப் பைகள் மெல்லியவை. ஜூலை இரவுகளில் அங்கே குளிர் உறைநிலையைத் தொடக்கூடும். சென்னை வெயிலில் பழகியவர்கள், முன்பணம் செலுத்தும்போதே தடித்த பைகளைக் கேட்டுப் பெறுவது நல்லது.