மணலா, கிராவலா, சேறா, தாரா: ஏடிவிக்கு எந்தத் தரை தேவலை?

சென்னையில் ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போகும்போது நான்கு குண்டுச் சக்கரங்களும் பைக் போல ஹேண்டிலுமாக ஏடிவி, அதாவது கரடுமுரடான தரையில் ஓட்டுகிற வண்டி, நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தினமும் கிண்டி நெரிசலில் பைக் ஓட்டுகிறவருக்கு அதைப் பார்த்ததும் ஓர் அலட்சியம் வரும். "ரெண்டு சக்கரத்தையே சமாளிக்கிறோம், நாலு சக்கரம் கவிழவா போகுது?" கவிழும். அதுவும் நாம் ரொம்ப நம்புகிற தரையில்தான்.

சூட்சுமம் பின் அச்சில் இருக்கிறது. கார் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் சுற்ற டிஃபரன்ஷியல் உதவுகிறது. சின்ன ஏடிவிகள் பலவற்றில் பின்னால் அது கிடையாது. இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் பூட்டியிருக்கும், ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைய வேண்டுமானால் ஏதாவது ஒன்று தரையில் வழுக்கியே ஆக வேண்டும். வழுக்க விடாத தரை தார்தான். ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி கொஞ்ச தூரம் நேராகவே போகும். பயந்துபோய் இன்னும் திருப்புவோம். அப்போது பார்த்து டயர் கப்பென்று பிடிக்கும், உள்பக்கச் சக்கரம் மேலே தூக்கும். போதாக்குறைக்கு, கார் டயரில் 30 பிஎஸ்ஐக்கு மேல் காற்று இருக்குமென்றால் இதில் பெரும்பாலும் 3 முதல் 7 வரைதான். அந்தத் தொளதொள டயர் தாரில் நெளியும். கம்பெனிகளே சாலையில் ஓட்டாதே என்று வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டித்தான் தருகிறார்கள்.

ஆக, தார் முதலிலேயே அவுட். மற்றவற்றில் நம் ஊர்க்காரர்களுக்குப் பிடித்தது மணல். ஆனால் கடற்கரை மணலை ஒரே தரையாக நினைக்கக் கூடாது. மேட்டில் இருக்கும் காய்ந்த மணல் வேகத்தை விழுங்கும். ஆக்சிலேட்டரைச் சீராகப் பிடித்து, உடம்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி உட்கார வேண்டும், இல்லாவிட்டால் முன் சக்கரம் புதைந்து மண்வெட்டி போல வேலை செய்யும். நிறுத்தவும் பிரேக் பெரிதாகத் தேவையில்லை, ஆக்சிலேட்டரிலிருந்து விரலை எடுத்தால் மணலே நிறுத்திவிடும். மாட்டிக்கொண்டால் சக்கரத்தைச் சுழலவிடாமல் இறங்கித் தள்ளுங்கள். சுழலவிட்டால் அச்சு வரை குழி பறித்துவிடும்.

அலையோர ஈர மணல் இதற்கு நேர் எதிர். சிமென்ட் தளம் போலக் கெட்டியாக, ஜோராக இருக்கும். எனக்கு அதிக பயம் தருவது இதுதான். வேகம் தெரியாது, திடீரென்று அலை அரித்த ஒரு முழ உயரப் படி முன்னால் நிற்கும். மீனவர் வலைக்கயிறும் மணலோடு மணலாகக் கிடக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை ஆமைகள் முட்டையிட வரும் கரை இது. அந்த மாதங்களிலும், குஞ்சு பொரித்து வெளிவரும் வரையிலும் மணல் மேட்டில் ஓட்டுவதையே விட்டுவிடலாம். டயர் தடத்தில் விழும் ஆமைக்குஞ்சு ஏறி வர முடியாது.

சேறு? அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை பெய்து ஓய்ந்த ஏரிக்கரைப் பக்கம் கிடைக்கும். மேலே காய்ந்த ஏடு, உள்ளே களி. டயர் பட்டைகளில் களி அப்பிவிட்டால் திருப்பினாலும் பிடிப்பு இருக்காது. குச்சியால் ஆழம் பார்க்காமல் இறங்குவது அசட்டுத் தைரியம்.

என் ஓட்டு செம்மண் கிராவல் தடத்துக்குத்தான். சக்கரம் வழுக்கும், ஆனால் சொல்லிவிட்டு வழுக்கும். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உடம்பை உள்பக்கம் சாய்த்தால் வண்டி சொன்னபடி கேட்கும். முன்னால் போகிறவரின் புழுதியில் கண் மறையும், இடைவெளி விடுங்கள், அவ்வளவுதான்.

எந்தத் தரையானாலும் பைக் பழக்கம் இரண்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். வண்டி சாயும்போது காலை ஊன்றுவது ஒன்று. என் மச்சான் முதல் வளைவிலேயே ஊன்றினான், பின் சக்கரம் பாதத்தின் மேல் ஏறிவிட்டது. ஷூ இருந்ததால் வீக்கத்தோடு போயிற்று. "அண்ணா, ஃபுட்ரெஸ்ட்லேருந்து காலைத் தூக்கவே தூக்காதீங்க" என்று அங்கிருந்த பையன் அதற்குப் பிறகுதான் சொன்னான். இன்னொன்று, பின்னால் ஆளை ஏற்றுவது. ஒருவருக்கான வண்டியில் ஓட்டுகிறவர் முன்னும் பின்னும் நகர இடம் வேண்டும். அதற்குத்தான் சீட் அத்தனை நீளம்.

தடத்துக்குப் போகும் வழியில் தாரைக் கடக்க நேர்ந்தால் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, முதல் கியரில் நேர்க்கோட்டில் கடந்துவிடுங்கள். ஹேண்டிலைத் திருப்புவதெல்லாம் மண்ணைத் தொட்ட பிறகு.