வயதான காலத்துப் பணம்: எது விலைவாசியோடு சேர்ந்து ஏறுகிறது?

தமிழ்நாட்டில் அறுபதைத் தாண்டியவர்களுக்கு மாதாமாதம் பணம் வரும் வழிகளை ஒப்பிடும்போது எல்லோரும் தொகையைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, அரிசி பருப்பு விலை ஏறும்போது அந்தப் பணமும் ஏறுமா என்பதை.

ஊரில் ஓ.ஏ.பி. என்று சொல்லும் முதியோர் உதவித்தொகைக்குக் கையிலிருந்து பைசா கட்ட வேண்டாம், ஆதரவில்லாத ஏழைகளுக்கு அதைவிட்டால் வேறு கதியும் இல்லை. ஆயிரமாக இருந்தது 2023-ல் 1,200 ஆனது. ஆனால் மத்திய திட்டத்தில் வருபவர்களுக்கு, 80 வயது ஆகும்வரை, டெல்லி தரும் பங்கு 200 ரூபாய்தான். 2007-லும் அதே 200! இது எனக்கு ஆறவே இல்லை.

மில்லிலோ கம்பெனியிலோ பி.எஃப். பிடித்தம் இருந்தவர்களுக்கு இ.பி.எஸ். (பி.எஃப்.-ஓடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டம்) பென்ஷன் உண்டு, பத்து வருஷ சர்வீஸ் இருந்தால். சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். எவ்வளவு வாங்கினாலும் பெரும்பாலோருக்கு 15,000 வரைதான் கணக்கு என்பதால் 35 வருஷத்துக்கு 7,500. குறைந்தபட்சம் 1,000 என்று 2014-ல் வைத்தார்கள். விலைவாசிக்கேற்பக் கூட்டித் தரும் அகவிலைப்படி கிடையாது, ஆக ஓய்வு பெற்ற அன்று வந்த அதே தொகைதான் எண்பது வயதிலும் வரும்.

2003-க்கு முன் அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதிவரை பென்ஷன், அதன்மேல் அகவிலைப்படியும் ஏறிக்கொண்டே போகும். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. விலைவாசியோடு ஏறும் அந்த ஏற்பாடு 1,200 ரூபாய்க்காரருக்குத்தான் முதலில் வேண்டும் என்கிறேன், ஏனென்றால் அவருக்கு அந்தப் பணம் முழுக்கச் சாப்பாட்டுக்கே போகிறது, பற்றாததற்கு அந்த வயதிலும் பூ கட்டியோ ராத்திரி வாட்ச்மேனாக உட்கார்ந்தோ சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. விலைவாசி ஏறினாலும் மதிப்புக் குறையாமல் அவர் கைக்கு வருவது ரேஷன் அரிசி போலப் பொருளாக வருபவைதான்.

சேமிப்பு உள்ளவர்களுக்கு அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் திட்டம் நல்லது. 30 லட்சம் போட்டால் 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு 61,500.

மத்திய அரசின் அடல் பென்ஷன் யோஜனாவில் 18 வயதில் மாதம் 42 ரூபாய் கட்ட ஆரம்பித்தால் அறுபதில் மாதம் 1,000 வரும். 42 வருஷம் கழித்து அந்த ஆயிரத்துக்கு என்ன வாங்க முடியும்? அதனால் சேர்வதென்றால் மாதம் 5,000 ரூபாய் பென்ஷன் வரும் பிரிவில் சேருங்கள், 18 வயதில் அதற்கு மாதம் 210 ரூபாய்தான். 40 வயதில் அதற்கே 1,454 ஆகிவிடும், நாற்பதைத் தாண்டினால் சேரவே முடியாது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் மகளுக்கு இதை இந்த வாரமே சொல்லுங்கள்.