எடைக்குறைப்பின் வளைகோடு: பாடி வெயிட் பிளானர் குறித்த மதிப்பீடு

உடல் இலேசாக ஆக மேலும் எடை குறைப்பது கடினமாகிறதா என்ற கேள்விக்கு, மனத்துக்கு ஆறுதல் தரும் விடைகள் பல இருந்தாலும் கணக்கோடு விடை சொல்லும் கருவிகள் மிகச் சிலவே. அவற்றில் நான் முதலிடம் தருவது, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் இணையத்தில் இலவசமாக வழங்கும் பாடி வெயிட் பிளானர் என்ற கணிப்பானுக்கு. அந்நிறுவனத்தின் ஆய்வாளராக இருந்த கெவின் ஹாலும் அவருடைய குழுவினரும் 2011-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட கணித மாதிரியே இதன் அடித்தளம்.

பயன்படுத்தும் முறை எளிது. எடை, உயரம், வயது, பாலினம், அன்றாட உடலுழைப்பின் அளவு ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு, எந்த எடையை எத்தனை நாளில் எட்ட விரும்புகிறோம், உடற்பயிற்சியை எவ்வளவு கூட்டப் போகிறோம் என்பதையும் குறிப்பிட வேண்டும். இப்போதைய எடையில் நீடிக்க ஒரு நாளைக்கு எத்தனை கலோரி வேண்டும், இலக்கை அடைய எத்தனை கலோரி, அடைந்த பின் அங்கேயே நிலைத்திருக்க எத்தனை கலோரி என்று மூன்று எண்களை அது தருகிறது.

இந்தக் கருவியின் பெருமையை உணர வேண்டுமானால், மற்ற பல கணிப்பான்கள் நம்பியிருக்கும் பழைய விதியைப் பார்க்க வேண்டும். மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற மருத்துவர் 1958-இல் வகுத்த கணக்கின்படி ஒரு பவுண்டு எடைக்கு 3,500 கலோரி, அதாவது ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 7,700 கலோரி. கொழுப்பில் அடங்கியுள்ள ஆற்றலைப் பொறுத்தவரை அது பெரிய பிழையன்று. எடை எவ்வளவு குறைந்தாலும் உடலின் செலவு மாறாது என்ற எண்ணத்தோடு அதை ஆண்டுக்கணக்கில் நீட்டுவதுதான் பிழை. நாள்தோறும் 240 கலோரி குறைத்து உண்ணும் ஒருவருக்கு அந்த விதி ஓராண்டில் 11 கிலோவும் மூன்றாண்டில் 34 கிலோவும் குறையும் என்று நேர்கோடு போட்டுக் காட்டும். ஹால் குழுவினரின் கணக்கோ, அதே 240 கலோரிக்கு மொத்தமே சுமார் 10 கிலோதான் குறையும் என்கிறது. அதில் பாதி முதல் ஓராண்டிலும், எஞ்சியதில் பெரும்பகுதி அடுத்த இரண்டாண்டுகளிலும் குறைந்து, அதன் பிறகு எடை ஏறக்குறைய அங்கேயே நின்றுவிடும். உறுதியோடு உணவைக் கட்டுப்படுத்தியும் நேர்கோட்டு வாக்குறுதியை எட்ட முடியாமல் தம்மையே குற்றவாளியாகக் கருதிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்பதை நினைக்கும்போது, இந்த வளைகோட்டை முதல் நாளிலேயே காட்டும் கருவி செய்வது பேருதவி என்றே எனக்குத் தோன்றுகிறது.

கோடு வளைவதற்கு முதன்மையான காரணம் எளிமையானது: சிறிய உடலுக்குக் குறைந்த ஆற்றலே போதும். ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆற்றலைக் கணிக்கும் மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சமன்பாட்டில் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 கலோரி சேர்கிறது. ஆகவே 100 கிலோவிலிருந்து 70 கிலோவுக்கு வந்தவருக்கு ஓய்வுச் செலவில் மட்டும் நாளொன்றுக்கு 300 கலோரி குறைந்திருக்கும். அதே தூரம் நடந்தாலும் சுமக்க வேண்டிய எடை குறைந்திருப்பதால் நடைக்கு ஆகும் செலவும் குறைகிறது. இதற்கு மேலும் உடல் சிக்கனம் பிடிப்பது உண்மைதான். ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டியில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பின் சோதித்த ஆய்வு, அவர்களுடைய ஓய்வுச் செலவு எதிர்பார்க்கக்கூடியதைவிடச் சராசரியாக நாளொன்றுக்கு 500 கலோரி குறைந்திருந்ததாக 2016-இல் தெரிவித்தது. ஆனால் அவர்கள் முப்பது வாரங்களில் சராசரியாக 58 கிலோ இழந்தவர்கள்; மாதம் ஒன்றிரண்டு கிலோ குறைப்பவர்கள் அந்த எண்ணைத் தமக்குப் பொருத்திப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை.

கருவியின் குறை எங்கே என்றால், பசி அதில் இல்லை. அது சொல்லும் கலோரியை நாம் ஆண்டுக்கணக்கில் பிசகாமல் உண்போம் என்பதே அதன் எடுகோள். ஹால் குழுவினரே 2016-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வின்படி, இழக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடலின் செலவு நாளொன்றுக்கு 20 முதல் 30 கலோரி வரையே குறைகிறது. உண்ணும் வேட்கையோ ஏறத்தாழ 100 கலோரி கூடுகிறது. அப்படியானால் கடினத்தின் பெரும்பங்கு வளர்சிதை மாற்றத்தில் அல்ல, பசியில்தான் இருக்கிறது. கருவியின் வளைகோடு சமநிலைக்கு வர மூன்றாண்டுகள் எடுத்துக்கொள்ள, நடைமுறையில் பலருடைய எடை ஆறு முதல் எட்டு மாதங்களிலேயே நின்றுவிடுவதற்கும் இதுவே விளக்கம்: பசி கூடக் கூட, உண்பவர் அறியாமலேயே உணவின் அளவு மெல்ல ஏறிவிடுகிறது. அந்த மூன்று எண்களுக்கு அருகில் பசியைப் பற்றி ஒரு வரியாவது இருந்திருந்தால் பயனர்கள் தங்களை இன்னும் சரியாகப் புரிந்துகொண்டிருப்பார்கள்.

உடலுழைப்பின் அளவைப் பயனரே மதிப்பிட வேண்டியிருப்பது மற்றொரு பலவீனம். அதை ஒரு படி உயர்த்திச் சொன்னாலே மூன்று எண்களும் உயர்ந்துவிடும் என்பதால், ஐயம் வரும்போது குறைவான அளவைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

ஏற்கெனவே இலேசான உடல் கொண்டவர்கள் இக்கருவியைக் கூடுதல் கவனத்தோடு கையாள வேண்டும். ஒரு நாளில் 2,800 கலோரி செலவழிப்பவர் 500 கலோரி குறைத்தாலும் அவருக்கு 2,300 எஞ்சும். 1,700 செலவழிப்பவருக்கு அதே குறைப்புக்குப் பின் எஞ்சுவது 1,200 மட்டுமே. உடலில் கொழுப்பு குறைவாக உள்ளவர்கள் இழக்கும் எடையில் தசையின் பங்கும் கூடுதலாக இருக்கும் என்பதால், அவர்கள் வேகத்தைத் தவிர்த்து, தசைக்கு வலுவூட்டும் பயிற்சியைச் சேர்த்துக்கொள்வது அவசியம். போதாக்குறைக்கு, உடலில் உள்ள நீரின் அளவு நாளுக்கு நாள் ஒரு கிலோவுக்கு மேல்கூட மாறலாம். வாரத்துக்குக் கால் கிலோ குறைப்பவருக்கு அந்த ஏற்றத்தாழ்வு பல வாரங்களின் உண்மையான குறைவை மறைத்துவிடும். கருவி வரைந்து காட்டும் கோட்டோடு ஒரு நாள் எடையை ஒப்பிடாமல் சில வாரங்களின் சராசரியை ஒப்பிட வேண்டும்.

இது வயதுவந்தவர்களுக்கான கருவி. பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் கர்ப்பிணிகளும் இதன் எண்களைப் பின்பற்றக் கூடாது. மற்றவர்கள், கடைசி ஐந்து கிலோவைக் குறைக்க விரும்பினால், இலக்கு நாளை முதலில் மூன்று மாதங்களுக்கும் பிறகு பத்து மாதங்களுக்கும் வைத்து, இலக்கை அடைய வேண்டிய கலோரியைச் சொல்லும் இரண்டாம் எண் எவ்வளவு தளர்கிறது என்று பார்த்துவிட்டுத் தங்கள் வேகத்தை முடிவு செய்யலாம்.