நாட்டிங் ஹில் கார்னிவல்: எங்கே நிற்பது, எதைக் கேட்பது

ஆகஸ்ட் மாதத்தின் கடைசித் திங்கள் இங்கிலாந்தில் வங்கி விடுமுறை. அன்றும் அதற்கு முந்தைய ஞாயிறும் மேற்கு லண்டனின் நாட்டிங் ஹில் தெருக்கள் கார்னிவல் என்னும் தெருவிழாவுக்காகக் கரீபிய மக்களின் கைக்குப் போய்விடும். நுழைவுச் சீட்டு கிடையாது. ஊர்வலம் கிரேட் வெஸ்டர்ன் ரோட்டில் தொடங்கி, செப்ஸ்டோ ரோடு, வெஸ்ட்போர்ன் குரோவ், லாட்புரோக் குரோவ் என்று ஏறத்தாழ மூன்றரை மைல் சுற்றி வரும். முழுப் பாதையையும் நடந்தே பார்த்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். பிற்பகல் நெரிசலில் ஒரு தெருவைக் கடக்கவே அரை மணி நேரம் போய்விடும். இரண்டு மூன்று இடங்களைத் தேர்ந்துகொண்டு அங்கே நின்று கேட்பதுதான் சரி. இது முதலில் காதுக்கான விழா.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஞாயிறு நல்லது. முழு வேகத்தையும் பார்க்க வேண்டுமென்றால் திங்கள். எந்த நாளானாலும் காலை 11 மணிக்குள் உள்ளே இருங்கள்.

ஸ்டீல்பேன் கேட்க விரும்புகிறவர்கள் சனிக்கிழமையே போக வேண்டும். எம்ஸ்லி ஹோர்னிமன் பூங்காவில் நடக்கும் பனோரமா போட்டியில் குழுக்கள் நோட்டு எதுவும் பார்க்காமல், மனப்பாடமாகவே வாசிக்கும். எண்ணெய் டிரம்மின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் கிண்ணம்போல் குழிவாக அடித்து, சுரங்களுக்கான இடங்களைப் பிரித்து, தீயில் காய்ச்சி, மறுபடி தட்டித் தட்டிச் சுருதி சேர்த்த கருவிதான் ஸ்டீல்பேன். மெட்டு வாசிக்கும் டெனர் பேனில் தாழ்ந்த சுரங்கள் விளிம்பில், உயர்ந்தவை நடுவில் இருக்கும். அடித்தொனி தரும் பாஸ் பேனுக்கு டிரம்மை வெட்டாமல் முழு உயரத்துக்கு விட்டுவிடுவார்கள். ஒரு டிரம்மில் மூன்று சுரங்கள்தான் அடங்கும் என்பதால், ஒருவரே ஆறு டிரம்களுக்கு நடுவில் நின்று வாசிப்பார்.

இந்தக் கருவி பிறந்ததே ஒரு தடையால்தான். கரீபியத் தீவான டிரினிடாடில் 1881இல் கார்னிவல் கூட்டத்துக்கும் போலீசுக்கும் பெரும் மோதல் நடந்தது. அதன்பின் பிரிட்டிஷ் அரசு மேளத்தை ஒடுக்கியது. மக்கள் மூங்கிலை வெட்டித் தரையில் இடித்துத் தாளம் போட்டார்கள். பிறகு பிஸ்கட் டின், அதன்பின் எண்ணெய் டிரம். பறைக்கு இங்கே நேர்ந்ததை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சென்னைத் துறைமுகத்திலிருந்து கரீபியக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் தப்பு மேளம் இன்றும் கயானாவின் காளி கோயில்களில் ஒலிக்கிறது.

லண்டன் கதையும் அப்படித்தான். 1958இல் நாட்டிங் ஹில்லில் வெள்ளையர் கும்பல்கள் கரீபிய மக்களைத் தாக்கின. டிரினிடாடில் பிறந்து, அமெரிக்காவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கம்யூனிஸ்ட் கிளாடியா ஜோன்ஸ், அதற்குப் பதிலடியாக 1959 ஜனவரி 30 அன்று செயின்ட் பாங்க்ராஸ் டவுன் ஹாலுக்குள் ஒரு கார்னிவலை நடத்தினார். அந்தக் கலவர வழக்குகளில் சிக்கிய இளைஞர்களின் அபராதத்தைக் கட்ட, விழா மலர் என்ற சிறு புத்தகத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. 1966இல் உள்ளூர்ச் சமூகப் பணியாளர் ரோன் லாஸ்லெட் நடத்திய தெருவிழாவில் ரஸ்ஸல் ஹெண்டர்சனின் ஸ்டீல்பேன் குழு பேன்களைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்க, ஊரே பின்னால் போனது. 1973இல் விழாவை ஏற்று நடத்திய லெஸ்லி பாமர் சவுண்ட் சிஸ்டங்களை, அதாவது தெருவில் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கி இசைத்தட்டு போடும் குழுக்களை, கொண்டுவந்தார். ஜமைக்காவின் ரெகே இசை கேட்கும் இளைஞர்கள் திரண்டார்கள். 1976இல் சுமார் 3,000 போலீசார் இறக்கப்பட்டு மோதல் வெடித்தது. இப்போது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 7,000 போலீசார். 2025இல் நுழைவழிகளில் முகம் அறியும் கேமராக்களும் நின்றன. பாட்டுக் கேட்க வருகிற மக்களைச் சந்தேகத்தோடு எண்ணும் பழக்கம் இன்னும் போகவில்லை.

சவுண்ட் சிஸ்டங்கள் நண்பகலில் தொடங்கும். வெஸ்ட்போர்ன் பார்க் ரோடும் லீமிங்டன் ரோடு வில்லாஸும் சந்திக்கும் மூலையில் பல ஆண்டுகளாக நின்ற சிஸ்டம் சேனல் ஒன். ஒரே ஒரு டர்ன்டேபிள், வினைல் தட்டுகள். இப்படிப்பட்ட சிஸ்டங்களில் பாஸ் ஒலியை முழுதாக வெட்டிவிட்டு, சில விநாடி கழித்துத் திறந்துவிடுவார்கள். அந்த ஒரு கணத்துக்காகவே போகலாம். பெட்டிகளை ஒட்டி நிற்காதீர்கள். 15 மீட்டர் தள்ளி, தெருவின் நடுவில் நின்றால் ஒலி சமமாகக் கிடைக்கும். நுரைக் காதடைப்பான் கட்டாயம். அது கூர்மையான ஒலிகளைத்தான் அதிகம் குறைக்கும், பாஸ் நெஞ்சு வழியாக வந்துவிடும். இரண்டு சிஸ்டங்களுக்கு இடையில் மாட்டிக்கொண்டால் எதுவுமே கேட்காது.

பெரிய குறை ஒன்று உண்டு. ஊர்வலத்தில் ஸ்டீல் குழுக்களுக்கு முன்னும் பின்னும் ஒலிபெருக்கி லாரிகள் வந்தால் பேனின் ஓசை மூழ்கிவிடுகிறது. விழாவைத் தொடங்கிவைத்த கருவிக்கு இது நியாயமே இல்லை. ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் நீண்ட இடைவெளி விழுவதும் உண்டு.

பிற்பகல் 3 மணிக்கு எல்லாம் நிற்கும். 2017இல் அருகிலுள்ள கிரென்ஃபெல் டவர் தீயில் இறந்த 72 பேருக்காக 72 விநாடி மௌனம். அந்த நேரத்தில் நடக்காமல், பேசாமல் நில்லுங்கள்.

சாப்பாட்டில், காரமான ஜமைக்கா மசாலா தடவிச் சுட்ட ஜெர்க் சிக்கன்தான் முதன்மை. அதே எண்ணெய் டிரம்மை நீளவாக்கில் பிளந்து அடுப்பாக்கியிருப்பார்கள். மூடி போட்டுப் புகையில் வேகவைக்கும் கடையாகப் பாருங்கள். கூட்ட நேரத்தில் அவசரமாக எடுத்துத் தருவது உண்டு, எலும்பருகே சிவந்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். கூட வரும் 'ரைஸ் அண்ட் பீஸ்' தேங்காய்ப்பாலில் வெந்த ராஜ்மா சோறு. சைவர்களுக்கு டபுள்ஸ்: பரா எனும் பொரித்த மெல்லிய ரொட்டி இரண்டுக்கு நடுவே கொண்டைக்கடலைக் கறி. கூட்டத்தில் போன் சிக்னல் அடிக்கடி போய்விடும், கார்டு இயந்திரமும் அதோடு நின்றுவிடும். சில்லறை நோட்டுகளாகக் கொண்டுபோங்கள். பொதுக் கழிப்பறை வரிசை நீளம். சில வீட்டுக்காரர்கள் காசு வாங்கிக்கொண்டு தங்கள் வீட்டுக் கழிப்பறையைத் திறந்துவிடுகிறார்கள்.

இரவு 7 மணிக்கு சவுண்ட் சிஸ்டங்கள் நிற்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவதால் 6.30க்கே நகரத் தொடங்குங்கள். லாட்புரோக் குரோவ் நிலையம் இரு நாளும் மூடியிருக்கும், நாட்டிங் ஹில் கேட்டில் நெரிசல் தாங்காது. கிழக்கே பாடிங்டன் வரை நடந்து ரயில் பிடிப்பதே மேல்.